ஞானஒளிவுபுரத்தில் நாலு நாள்

அக்டோபர் 24-ம் தேதி காலை ஏழே முக்காலுக்கே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு போல 120 நாள் கிடையாது. டிசம்பர் 23 ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு எட்டு மணி ஆனதும் தட்டினேன், பணம் கட்டுகிற பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, கடைசியில் கிடைத்தது ஆர்.ஏ.சி. எனக்கும் என் மகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு சைடு லோயர். ராத்திரி முழுக்க ஆளுக்கொரு பக்கம் காலை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பரவாயில்லை, ஊருக்குப் போவது உறுதியாகிவிட்டது. உடனே எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன், "எனக்குக் கிடைச்சிருச்சுடி."

நாங்கள் ஐந்து பேர். நான் சென்னையில். ஒருத்தி தேனியில் டீச்சர், ஒருத்தி கோயம்புத்தூரில் வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி மதுரையை விட்டே போகவில்லை, அவள் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஐந்தாவது ஆள் மஸ்கட்டில் நர்ஸ். தேனிக்காரிக்கும் கோயம்புத்தூர்க்காரிக்கும் டிக்கெட் கவலையே இல்லை, இரண்டு ஊர் பஸ்ஸும் மதுரை ஆரப்பாளையத்தில் வந்து நிற்கும், அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஞானஒளிவுபுரம் வந்துவிடலாம். மஸ்கட்காரிக்குத்தான் ஒவ்வொரு வருடமும் சந்தேகம். கிறிஸ்துமஸ் லீவை அங்கே முறை வைத்துத்தான் கொடுப்பார்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று வருடம்கூட ஆகிவிடும். நாங்கள் போவது அவளுடைய வீட்டுக்கு. அவள் இல்லாத வருடமும் அவள் அம்மாவைப் பார்க்கப் போவோம். இந்த வருடம் அவளும் வந்தாள்.

இதை எழுத நினைத்ததற்குக் காரணம், அலுவலகத்தில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள், "நீங்க கிறிஸ்டியனா, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறீங்களே?" இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்று கேட்டாள். அந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை, ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் சொல்ல வந்தது.

கல்யாணமான பெண்ணுக்குத் தீபாவளி மாமியார் வீட்டில். பொங்கலுக்குக் கேட்கவே வேண்டாம், வாசலில் பானை வைக்கும்போது மருமகள் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஆடி, ஐப்பசி, குலதெய்வம் கும்பிடப் போவது, கொழுந்தன் வீட்டு விசேஷம் என்று வருடம் முழுவதும் நமக்கான தேதிகளை வேறு யாரோ எழுதி வைத்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்காவது வரலாம் என்றால் எனக்கு ஆபீசில் லீவு கிடைக்காது. எங்கள் நாலு பேருக்கும் யாரும் கேட்காமல் மிச்சம் கிடக்கிற ஒரே பண்டிகை கிறிஸ்துமஸ். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு, ஆபீசிலும் வருடக் கடைசி என்று கொஞ்சம் தளர்வாக இருக்கும், "அன்னைக்கு நம்ம வீட்ல ஆளு வர்றாங்களே, நீ எங்க கிளம்புற?" என்று ஒருத்தரும் மறிக்க மாட்டார்கள். மற்ற பண்டிகைக்கெல்லாம் அவரவர் வீடு. கிறிஸ்துமஸுக்கு ஐந்து பேருக்கும் ஒரே வீடு.

முதல் தடவை போனது 1998 டிசம்பரில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, "எங்க வீட்டுக்கு வாங்கடி, அம்மா வரச் சொன்னாங்க" என்று மஸ்கட்காரிதான் கூட்டிப்போனாள். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் என்றால் பக்கத்துத் தெருவில் தொங்குகிற காகித ஸ்டாரும், ராத்திரியில் மேளத்தோடு கேரல் பாடி வருகிறவர்களோடு ஆடிக்கொண்டு வருகிற தாத்தாவும்தான். அந்த வீட்டில் எங்கள் நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, அம்மா தட்டில் அச்சு முறுக்கும் கல்கலும் வைத்துக்கொண்டே இருந்தார். "வளர்ற பிள்ளைக, சாப்பிடுங்க" என்று சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. இப்போது எங்கள் பிள்ளைகள் அவரை அம்மாச்சி என்று கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அவர் அன்றைக்கும் அம்மா, இன்றைக்கும் அம்மா.

சரி, ஊருக்கு வருவோம். திண்டுக்கல் தாண்டியதும் எனக்குத் தூக்கம் போய்விடும், இருபது வருடப் பழக்கம். கொடை ரோடு, சோழவந்தான், கூடல்நகர் என்று இருட்டிலேயே எண்ணிக்கொண்டு வந்தேன். வைகைப் பாலத்தில் ஏறினதும் ரயிலின் சத்தம் மாறும், அந்தச் சத்தத்தில் மகளை எழுப்பினேன். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் மார்கழிப் பனி, எங்கிருந்தோ ஸ்பீக்கரில் திருப்பாவை. ஆட்டோ போகிற வழியெல்லாம் பெண்கள் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாகக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசலில் பெரிய படிக்கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. அதற்கு நாலு வீடு தள்ளி இன்னொரு வாசலில் ஸ்டார் விளக்கு அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. மதுரையின் டிசம்பர் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான், ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் அது ஊராகத் தெரியாது.

செல்லூரில் என் அண்ணன் வீட்டில் பையை வைத்துவிட்டு, என் அம்மாவோடு ஒரு மணி நேரம் இருந்து, காபி குடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் ஞானஒளிவுபுரம் போய்விட்டேன். என் அம்மா இதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "போ, அவுக காத்துக்கிட்டு இருப்பாக" என்று அவரேதான் அனுப்பி வைப்பார்.

போனால் மஸ்கட்காரி வாசலிலேயே நின்றாள். மூன்று வருடம் ஆயிற்று அவளை நேரில் பார்த்து. முன்நெற்றியில் நன்றாக நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. கையைப் பிடித்தவள் விடவே இல்லை, அப்படியே அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் ஆறு மாதமாகக் கையைத் தூக்க முடியவில்லை. எண்பதை நெருங்கும் வயது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், சுவரில் விரலை நடக்க விடுகிற பயிற்சி, தினமும் செய்கிறார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியாகுமாம். அதனால் இந்த வருடம் முறுக்கு வேண்டாம், பேக்கரியில் பிளம் கேக் வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் முன்பே குழுவில் பேசி வைத்திருந்தோம். அம்மாவிடம் சொன்னதற்கு ஒரே வார்த்தைதான்: "மாவு கரைச்சாச்சு."

அச்சு முறுக்கு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் கைக்கு வராது. பச்சரிசியை ஊற வைத்து இடித்துச் சலித்த மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், சீனி, முட்டை, எள்ளு, ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியின் முதுகில் ஏடு மாதிரி ஒட்டி நிற்கிற பதம். அம்மாவின் அச்சு இரும்பில் பூ மாதிரி இருக்கும், நடுவில் சின்ன வட்டம், சுற்றி எட்டு இதழ், பிடிக்க நீளமான கம்பி. அவருடைய மாமியார் கொடுத்தது. அதை எண்ணெய்ச் சட்டிக்குள்ளேயே போட்டுக் காய வைக்க வேண்டும். முதல் ஆளாக நான்தான் உட்கார்ந்தேன். அச்சை எடுத்து மாவில் வைத்தேன், மாவு ஒட்டாமல் வழிந்து போனது. "காயலை, இன்னும் உள்ள வையி" என்றார் அம்மா. மறுபடி வைத்து எடுத்தேன், இந்த முறை சுர்ரென்று பிடித்தது, ஆனால் சந்தோஷத்தில் முழுசாக முக்கிவிட்டேன். மாவு மேல் விளிம்பைத் தாண்டி மூடிக்கொண்டது, எண்ணெயில் எவ்வளவு உதறியும் கழலவில்லை, கத்தியை விட்டு நெம்பி எடுத்ததில் நாலு துண்டாக உடைந்தது. "முக்கால்வாசிதான் பிள்ள. மேல் விளிம்பு தெரியணும். அது தெரிஞ்சாத்தான் அது வெளிய வரும்." மூன்றாவது தடவை விளிம்பு தெரிகிற மாதிரி முக்கி, எண்ணெயில் இறக்கி, மனதுக்குள் எண்ணிக்கொண்டு, லேசாக ஒரு உதறு. அச்சு மட்டும் மேலே வந்தது. முறுக்கு தனியாகக் கழன்று, ஓரமெல்லாம் நுரையோடு மிதந்தது.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த முறுக்கைத் தின்றிருக்கிறேன், செய்தது அன்றைக்குத்தான். கை மாற்றி மாற்றி ஐந்து பேரும் சுட்டோம். எட்டுப் பத்துக்கு ஒன்று உடைந்தது, உடைந்ததை எல்லாம் பிள்ளைகள் அடுக்களை வாசலில் நின்று வாங்கிப் போனார்கள், மிச்சத்தை அம்மா ஒரு தனிச் சட்டியில் சேர்த்து வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மாவு தீர்ந்தபோது வீடு முழுக்க எண்ணெய் வாசம், எங்கள் சேலை எல்லாம் மாவு. அம்மா எழுந்து வந்து ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இடது கையால். இதழ் எட்டும் முழுசாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் டின்னுக்குள் வைத்தார்.

குடில் வேலை பிள்ளைகளுடையது. அந்த வீட்டில் குடிலுக்குப் புல் எப்போதும் கேழ்வரகுதான், பத்து நாளைக்கு முன்பே தட்டில் தேங்காய் நாரைப் பரப்பி விதைத்து, ஈரத்துணி போட்டு வளர்த்து வைத்திருப்பார்கள். பார்க்க அப்படியே முளைப்பாரி. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இதைத் தலையில் தூக்கிட்டுப் போய் ஆத்துல விடுவீங்களா?" என்று கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. எங்களில் மதுரையிலேயே இருப்பவள் அன்றைக்குச் சாயங்காலம் மல்லிகைப் பூவோடு வந்தாள். மார்கழிப் பனியில் மொட்டு வரத்து குறைந்து மல்லி விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடக்கும் சமயம், பாதிப் பேர் பிச்சிக்கும் கனகாம்பரத்துக்கும் மாறிவிடுவார்கள். அவள் ஒரு பந்து மதுரை மல்லியை வாழை இலையில் சுற்றி எடுத்து வந்து, மாதா படத்துக்கு ஒரு முழம், மிச்சத்தை எங்கள் ஐந்து பேர் தலைக்கும் கிள்ளிக் கொடுத்தாள். அம்மாவுக்கும் வைத்துவிட்டோம். கணவர் போன பிறகு அவர் பூ வைப்பதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், எங்கள் கையால் வைத்தால் மட்டும் எடுக்க மாட்டார்.

ராத்திரிப் பூசைக்கு எல்லாரும் போனோம். பதினொன்றரைக்குக் கோவில் உள்ளே இடம் இல்லை, வெளியே பந்தலில் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்குப் பூசையின் முறை எல்லாம் முழுசாகத் தெரியாது, அவர்கள் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். 'உன்னதங்களிலே' என்று பாட்டுத் தொடங்கும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும், குழந்தை சுரூபத்தைக் கொண்டுவந்து குடிலில் வைப்பார்கள், வெளியே பையன்கள் வெடி போடுவார்கள், அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் விழித்திருக்கலாம் என்று தோன்றும். பக்கத்தில் மஸ்கட்காரி அழுதுகொண்டிருந்தாள். போன இரண்டு வருடமும் அந்த நேரத்தில் அவள் டியூட்டியில் இருந்தாள், ஒரு நோயாளிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு ஆனது என்று வீட்டுக்கு வரும்போது சொன்னாள்.

25-ம் தேதி போன வேகம் தெரியவில்லை. பிரியாணி, தூக்கம், பேச்சு, தெருவெல்லாம் பலகாரத் தட்டு கொடுத்து வந்தது. துணி மூடிய தட்டு எந்த வீட்டிலிருந்தும் வெறுமையாகத் திரும்பவில்லை, சீனியோ வாழைப்பழமோ ஏதோ ஒன்று.

26-ம் தேதி நாங்கள் எப்போதும் இடைக்காட்டூர் போவோம். மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர், மானாமதுரை சாலையில் விரகனூர், சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் தாண்டிப் போய் உள்ளே திரும்ப வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம், வைகைக் கரை, சுற்றி வயலும் தென்னையும். அதற்கு நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு பிரெஞ்சுக் கோவில் நிற்கும். திரு இருதய ஆலயம். 1894-ல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கட்டியது, பிரான்சில் ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்தின் சாயலில். நூறு தடவை பார்த்தாலும் வண்டி திரும்பும் இடத்தில் அந்தக் கோபுரம் தென்படும்போது நம்பவே முடியாது.

அந்தக் கோவிலில் எனக்குப் பிடித்தது கோபுரத்தைவிட அதன் செங்கல். சாதாரணச் செவ்வகச் செங்கலால் அந்த வளைவுகளை எழுப்ப முடியாது. தூணின் மடிப்புக்கு ஒரு வடிவம், ஜன்னல் வளைவுக்கு ஒரு வடிவம், பூவேலைக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என்று 200 வகைக்கு மேல் செங்கலும் ஓடும் அச்சில் வார்த்துச் சுட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் மகள் தூணில் விரலை வைத்து ஒரு செங்கல்லின் வளைவைத் தடவிக்கொண்டே வந்தவள், "இதுவும் அச்சுலயாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இதுலயும் நெறைய உடைஞ்சிருக்கும்ல?" கண்டிப்பாக உடைந்திருக்கும். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த ஊர்க் கைகள் அந்த மண்ணை மிதித்து, அச்சில் அடித்து, உடையாததைப் பொறுக்கி அடுக்கினவோ.

அம்மா உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினார். இடைக்காட்டூருக்கு 26-ம் தேதி போவதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 வரைக்கும் அவர்கள் குடும்பம் கிறிஸ்துமஸை வேளாங்கண்ணியில்தான் முடிக்கும், 25 ராத்திரி பஸ் ஏறி 26 காலையில் மாதா கோவிலில் இருப்பார்கள். அந்த வருடம் எங்களில் முதலாவதாகக் கல்யாணம் ஆனவள் தேனிக்காரி, புது மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். புதுசாக வந்தவருக்கு விருந்து போடாமல் எப்படிக் கிளம்புவது என்று அம்மா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 26 காலை, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் அவர் வீட்டில் ஆட்டுக்கால் பாயாவுக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது டிவியில் கடல் வந்த செய்தி வந்தது. அப்புறம் அவர் 26-ம் தேதிக்கு வேளாங்கண்ணி போனதில்லை. இங்கே வந்து, அங்கே அன்றைக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி. தேனிக்காரிதான் ஒவ்வொரு வருடமும் தீப்பெட்டி உரசுவாள். யாரும் பேச மாட்டோம்.

வெளியே வந்து மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பிள்ளைகளுக்கு அம்மா இடைக்காட்டுச் சித்தர் கதை சொன்னார், அந்த ஊருக்கு உரிய கதை. பன்னிரண்டு வருடப் பஞ்சம் வரப்போவது தெரிந்து, சித்தர் தன் ஆடுகளை எருக்கம் இலை தின்னப் பழக்கினார், மண்ணில் வரகைக் கலந்து குடிசைக்குச் சுவர் வைத்தார். பஞ்சம் வந்தது. எருக்கு தின்ற ஆடுகள் உடம்பு அரிப்புத் தாங்காமல் சுவரில் உரச, வரகு உதிர, அதை ஆட்டுப்பாலில் காய்ச்சிக் குடித்து உயிரோடு இருந்தார். இவன் ஒருத்தன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று பார்க்க நவக்கிரகங்கள் ஒன்பதும் வந்தன. வந்தவர்களுக்கும் அதே சாப்பாட்டைப் போட்டார். அவர்கள் தின்ற மயக்கத்தில் தூங்கிவிட, மழை வருகிற மாதிரி கிரகங்களை மாற்றிப் படுக்க வைத்தார். மழை கொட்டியது. அம்மா ஞாயிறு பூசை தவறாதவர், இந்தக் கதையையும் அவ்வளவு ஆசையாகச் சொல்வார். "பஞ்சத்துலயும் வந்தவங்களுக்குச் சோறு போட்டாரு பாரு, அதான் மழை பெஞ்சுச்சு" என்று முடித்தார்.

திரும்பும்போது கீழடி அருங்காட்சியகம் காட்டுவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம், திருப்புவனம் பக்கத்தில் வேன் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில். இளநீர் வெட்டுகிற அண்ணன் அம்மாவுக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வெட்டினார், வேண்டாம் என்றதற்கு, "உக்காருங்கம்மா, எனக்கு நிக்கிறதுதான் வேலையே" என்றார். கோயம்புத்தூர்க்காரி அன்றைக்குத்தான் வாய் திறந்தாள், அவள் மாமனாரின் படுக்கை வியாதி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்பதெல்லாம். வீட்டில் மூன்று நாளாகப் பேசாததை ரோட்டோரத்தில் பேசிவிட்டாள். மஸ்கட்காரி படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, தலையணையை எங்கே வைப்பது என்று அந்த வேன் சீட்டிலேயே என்னைப் படுக்க வைத்து அவளுக்குச் செய்து காட்டினாள். கீழடிக்கு நேரம் போய்விட்டது. அடுத்த வருடம் அங்கேதான் முதலில்.

28 ராத்திரி மஸ்கட்காரியும் என்னோடு பாண்டியனில் ஏறினாள், அவளுக்கு மறுநாள் சென்னையிலிருந்து விமானம். இந்தத் தடவை இரண்டு பெர்த். அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை, வாசலிலேயே எங்கள் நெற்றியில் சிலுவை போட்டு, ஆளுக்கொரு பிஸ்கட் டின்னைக் கொடுத்து அனுப்பினார். வைகைப் பாலம் தாண்டி, மகள் தூங்கின பிறகு டின்னைத் திறந்தோம். மேலே எல்லாம் உடைந்த துண்டு. அதற்கடியில் ஒரு செய்தித்தாள், அதற்கடியில் முழு முறுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையிடையே தாள். சோழவந்தான் வருவதற்குள் போன் வந்தது. "மேல இருக்கறத ரயில்ல தின்னுங்க. அடியில இருக்கறதத் தொடாதீங்க, அது அக்கம்பக்கத்துல குடுக்க."

உடைந்ததைத் தின்றுகொண்டே வந்தோம். கொடை ரோட்டில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. "அடுத்த வருஷம் எனக்கு முறை இல்லடி," என்றாள், "நீ போவேல்ல?"

போனை எடுத்து, அக்டோபர் 24, காலை ஏழே முக்கால் என்று அலாரம் வைத்து அவளிடம் காட்டினேன்.